தாமதத்துக்கான காரணம்

புணானைக்கும் வாழைச்சேனைக்கும் நடுவில்
எண்ணெய்க் கோச்சி நிற்கிறது.
தண்டவாளத்தில் யானை.
கொழும்புக்குப் போகிற கோச்சி
என் மேடையில் நிற்கிறது, முன்னூறு பேரோடு.
ஒற்றைப் பாதை.
அது வராமல் இது போகாது.
சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.
மூன்றாம் பெட்டிக்காரருக்கு மட்டும்
விளங்கவில்லை.

ஒன்பதரைக்குக் கோகுலரூபன் எடுத்தான்.
இங்கே என்னோடு பொயின்ற்ஸ் இழுத்தவன்,
இப்போது லக்சம்பேர்க்கில், பெத்தெம்பூரில்
சாமான் பெட்டி கொழுவுகிறான்.
பெத்தெம்பூர்!
முதல்முறை கேட்டபோது
வந்தாறுமூலைக்கு அங்கால் உள்ள ஊராக்கும் என்று
எந்த பஸ் போகும் என்று கேட்டேன்.

"என்னகா, இன்னும் நிக்குதா?"
அவனுக்கு அங்கே பின்னேரம்.
செம்மஞ்சள் அங்கி, தலைக்குப் பின்னால்
பால் திரைந்தமாதிரி வானம்.
தண்டவாளம் ஒருத்தருக்காம்,
ஆட்கோச்சி ஒருத்தருக்கு,
சாமான் கோச்சி வேறொருத்தருக்கு.
பக்கத்து நாட்டுக் கொம்பனிகளும்
பாதைக்கு வாடகை கட்டி ஓடுமாம்.
பிந்தினால், யாரால் பிந்தியது என்று
நிமிசம் நிமிசமாகப் பிரித்து
ஆளுக்காள் பில் அனுப்புவார்களாம்.
"இங்க யானை" என்றேன்.
"அதுக்கு என்ன இலக்கம்?" என்றான்.
பகிடியா, உண்மையிலேயே கேட்டானா, தெரியாது.

மறுகா சொன்னான்,
அங்கே ஆட்களுக்கு ரிக்கற் இல்லையென்று.
சும்மா ஏறலாம், சும்மா இறங்கலாம்.
உருக்குக் கம்பிதான்
காசு கட்டிப் போகிறது.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
அந்த நாட்டுக்குள் அவன் போனதே
சாமானாகத்தான்.
பதினொரு மணித்தியாலம்
குளியலறை ஓடுகள் அடுக்கிய பெட்டிக்குள்,
வெளியே யாரோ சங்கிலி கொழுவுகிற சத்தத்தைக்
கேட்டுக்கொண்டு.
இப்போது தன் யார்டில்
எந்தக் கொள்கலனுக்கும் முத்திரை பார்க்கமுன்
விரல்முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவானாம்.
கொஞ்சம் நிற்பானாம்.
அந்த அரை நிமிசத்தை
யார் கணக்கில் எழுதுகிறாய் என்று
நான் கேட்கவில்லை.

கவுண்டர் துவாரத்துக்குள் ஒரு கை வந்தது.
ஓட்டமாவடி ஹயறுன்னிசா.
மகரகமைக் கிளினிக் கொப்பி, பொலித்தீன் சுற்றியிருந்தது.
"எட்டு மணிக்கு நம்பர் குடுப்பாங்க, மகன்.
எண்ணெய்க்கு அவசரமா,
எனக்கு அவசரமா?"
மேசையில் டப்லட் பெட்டி,
மணியடிக்கிற எண்ணமே இல்லாமல்.
"இப்ப வந்திரும்" என்றேன்.
எல்லா ஸ்டேசனும் சொல்கிற பொய்,
என் வாயிலும் தடக்காமல் வந்தது.

பத்து இருபதுக்கு வெளிச்சம் தெரிந்தது.
சாரதி விமலதாச இறங்கினார்.
தாயும் குட்டியும் என்றார்.
குட்டி சிலிப்பர்க் கட்டைகளுக்கு மேலே
படுத்திருந்ததாம்.
லைற்றை நூத்துவிட்டு
இருட்டுக்குள் இருந்தாராம்.
ஹோர்ன் அடிக்கவில்லை.
"அடிச்சா எழும்பும்தான்.
எந்தப் பக்கம் ஓடும்?"

அவர் தந்த வளையத்தைக் கழற்றி
டப்லட்டை யந்திரத்துக்குள் போட்டு
மணியடித்து, மறுபடி எடுத்து
மற்றச் சாரதியிடம் ஓடிப்போய்க் கொடுத்தேன்.
ஒரே டப்லட்தான்.
வந்தவர் கைச்சூடு
போகிறவர் கைக்குள் போனது.
பச்சை காட்டினேன்.
ஹயறுன்னிசா யன்னலோரம் இருந்தா.
என்னைப் பார்க்கவில்லை,
கொப்பியை மடியில் அழுத்திப் பிடித்திருந்தா.

பிறகு வால்விளக்குப் பார்க்க
எண்ணெய்க் கோச்சியின் கடைசிவரை நடந்தேன்.
விளக்கு எரிந்தது. திரும்பியிருக்கலாம்.
கை சும்மா இருக்கவில்லை.
இரண்டு தட்டு.
எண்ணெய் நிறைந்த இரும்பு
மரக்கட்டை மாதிரிக் கிடந்தது.
கொஞ்சம் நின்றேன்.
கல்குடாப் பக்கமிருந்து
உப்புக் காற்று வந்துகொண்டிருந்தது.

ஏறாவூரிலிருந்து மணி. ஓடிவந்தேன்.

கொப்பியில் எழுத வேண்டும்.
தாமதம்: எழுபது நிமிடம்.
காரணம் என்ற கட்டம்
இரண்டு விரல் அகலம்.
யார் பெயரும் கேட்கவில்லை, இங்கே
பில் அனுப்ப ஆளில்லை.
காரணம்: யானைக்குட்டி நித்திரை
என்று எழுதினேன்.
கட்டத்துக்குள் அடங்கியது.